மொட்டைமாடியில் ஒரு நோன்பு

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் நான்கு டிவி இருந்தன. ஒன்றிலும் படம் தெரியாது. எல்லாம் ஊரார் வீட்டுப் பெட்டிகள், ரிப்பேருக்கு வந்தவை. ஒன்று கட்டிலுக்கு அடியில், ஒன்று அரிசி மூட்டை மேல், ஒன்று முதுகு திறந்தபடி சாமி மாடத்துக்குப் பக்கத்தில். நான்காவதின் மேல் நான் துவைத்த துணியை மடித்து வைப்பேன். திருநின்றவூரில் எனக்கு டிவிக்காரர் பெண்டாட்டி என்று பேர். ஆனால் டிவி பார்க்கவேண்டுமென்றால் நான் அடுத்த வீட்டு ஜன்னலைத்தான் எட்டிப் பார்க்கவேண்டும்.

என் வீட்டுக்காரர் லோகநாதன் அம்பத்தூர் எஸ்டேட்டில், பாகங்களைச் சேர்த்து டிவிப் பெட்டி பூட்டுகிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தார். காலையில் ரயிலேறினால் இருட்டின பிறகுதான் வந்து இறங்குவார். தீபாவளிக்கு முந்தின மாதம் கேட்கவே வேண்டாம். போனஸ் வாங்கினவனெல்லாம் டிவி வாங்குகிற காலம் அது. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். வீட்டில் இருக்கிற கொஞ்ச நேரத்திலும் வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். "அண்ணாத்தே கீறாரா? படம் உருளுது." உடனே இவர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். முடியாது என்கிற வார்த்தையே அந்த மனுஷனுக்கு வராது. தப்பு, வரும். என்னிடம் மட்டும் நன்றாக வரும்.

எங்கள் பக்கத்தில் தீபாவளியைவிட நோன்பு பெரிது. அமாவாசையன்று அதிரசம் சுட்டு, வெற்றிலை பாக்கு பழம் வைத்துப் படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வோம். அதுவரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. நோன்பு எல்லா வீட்டிலும் இருக்காது. இருக்கிற வீட்டில் விடக்கூடாது. போன வருஷம் மாமனார் தவறிப்போனதால் எங்களுக்குத் தீபாவளி இல்லை, நோன்பும் இல்லை. மாமியார் அன்னம்மாள் இனிமேல் நோன்பு எடுக்க முடியாது, நான்தான் எடுக்கவேண்டும். இந்த வருஷமும் விட்டுப்போனால் அவ்வளவுதான். நோன்பு இருக்கிற வேறு வீட்டார் மனசு வைத்து எடுத்துக் கொடுத்தால்தான் மறுபடியும் நம் வீட்டுக்கு வரும்.

"உன் கைக்கு வந்ததும் நோன்பு நின்னு போச்சின்னு நாலு பேர் பேசக்கூடாது பாரு" என்று ஐப்பசி பிறந்ததிலிருந்து மாமியார் என் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். தன் பிள்ளை காதில் ஒரு நாளும் ஓதவில்லை.

எங்கள் வீட்டு முறைப்படி புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பலகையில் உட்காரவேண்டும். நான் அவருடைய வலது கையில் கட்டவேண்டும். அவர் என் இடது கையில் கட்டவேண்டும். நோன்பு விட்டுப்போகும் என்று எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் மேலே ஓர் ஆசை இருந்தது. அந்த மனுஷன் என் பக்கத்தில் ஓர் அரைமணி நேரம் எங்கேயும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி அவர் உட்கார்ந்தது எங்கள் கல்யாண மணையில் மட்டும்தான். அங்கேயும் மைக்செட் கரகரக்கிறது என்று இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தார்.

தீபாவளி சனிக்கிழமை, நோன்பு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளும் லீவு என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சனிக்கிழமை சாயந்திரம் அடித்த மழையிலும் காற்றிலும் ஊரில் இருந்த அத்தனை ஆன்டெனாவும் திசைக்கொன்றாகத் திரும்பிக்கொண்டன. டிவி ஸ்டேஷன் இருக்கிற பட்டணம் கிழக்கே இருக்கிறது, ஆன்டெனாவும் கிழக்கே பார்க்கவேண்டும். காற்றடித்த பிறகு ஒன்று ஏரியைப் பார்த்தது, ஒன்று திருவள்ளூரைப் பார்த்தது. ஞாயிறு சாயந்திரம் தீபாவளி ஸ்பெஷலாகப் புதுப்படம் போடுகிறார்கள் என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் இதே பேச்சு. இவர் வீட்டில் தங்க மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலையில் குளித்து, புதுப்புடவை கட்டி, அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தேன். முதல் அதிரசம் தட்டும்போதே வாசலில் சைக்கிள் மணி.

"லோகு அண்ணாத்தே! ஒரே மழ பேஞ்சா மாதிரி புள்ளி புள்ளியா கீது. வந்து கொஞ்சம் திருப்பி வுட்டுட்டுப் போ."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்க்ரூடிரைவர் பைக்குள் போய்விட்டது.

"இன்னாங்க, இன்னிக்கு நோன்பு" என்றேன்.

"ஒரே ஒரு ஊடு, வடிவு. நீ அதிரசம் சுட்டு எடுக்கறதுக்குள்ள வந்துட மாட்டேனா?"

"அமாவாச சாயந்திரம் ஆறரைக்கெல்லாம் போயிடுதாம். ஐயர் சொன்னாரு."

"இப்ப மணி ஒம்போதுகூட ஆவல. நீ இன்னாமோ ரயிலு பொறப்புட்டா மாதிரி பேசற" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதன்பிறகு நான் அவரைத் தரையில் பார்க்கவில்லை. கூரை மேலும் மாடி மேலும்தான் பார்த்தேன். எங்கள் புழக்கடையில் நின்றால் நான்கு தெரு தெரியும். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டு ஓட்டின் மேல் குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் மாவு மிஷின்காரர் வீட்டு மாடியில். அதற்கப்புறம் யார் வீடென்றே தெரியாத ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல். எங்கே இருந்தாலும் அதே சத்தம்தான் என் காதில் வந்து விழுந்தது.

"தெரியுதா?"

"கோடு கோடா கீது!"

"இப்போ?"

"ஆளு தெரியுது, தலைதான் தெரியல!"

"இப்போ?"

"ஆங், ஆங்! அப்டியே வுடு, அப்டியே வுடு!"

ஊருக்கெல்லாம் தெரிகிறது. அதிரசச் சட்டிக்கு முன்னால் ஒருத்தி பசியோடு வெந்துகொண்டிருப்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. சட்டியில் அதிரசம் கருகிவிடும் என்பதால் அழவும் நேரமில்லை.

மத்தியானத்துக்குள் படையல் எல்லாம் தயார். அதிரசத்தை அடுக்கி, வெற்றிலை பரப்பி, கயிற்றில் மஞ்சள் தடவி, பலகையைக் கழுவிக் கோலமும் போட்டுவிட்டேன். மாமியார் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு, "பொழுது போவுதே, பொழுது போவுதே" என்று பாட ஆரம்பித்தார். பிள்ளைகள் இரண்டும் அதிரசத்தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தன.

சாயந்திரம் ஆனதும் என் பெரிய மகளைக் கூப்பிட்டேன். "அடியே, உங்கப்பா கலியமூர்த்தி ஊட்டு மேல கீறாரு. கையோட இட்டுகினு வா. வரலன்னா அழு."

போனாள். வரவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் தம்பியை அனுப்பினேன். "அக்காவையும் அப்பாவையும் இட்டுகினு வா. அங்க நின்னு டிவி பாக்கக்கூடாது." தலையை நன்றாக ஆட்டிவிட்டு ஓடினான். அவனும் வரவில்லை.

"இதுங்களுக்கு இன்னாத்துக்குச் சொல்ற? நான் போறேன். நான் கூப்ட்டா வராம இருந்துடுவானா?" என்று மாமியார் கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பினார். அவர் நடந்த வேகத்தைப் பார்த்து எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. காதைப் பிடித்து இழுத்துவருவார் என்று நினைத்தேன். பலகைக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு வாசலில் நின்றேன். தெருவே வெறிச்சென்று கிடந்தது. ஒரு பட்டாசுச் சத்தம்கூட இல்லை. எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே குரல், ஒரே இசை. படம் ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுச் சுவரின் நுனியில் மட்டும் கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமியாரும் வரவில்லை.

அப்போது வந்ததைக் கோபம் என்று சொன்னால் போதாது. காலையிலிருந்து சாப்பிடாத வயிறு, புகையில் எரிந்த கண், ஒருத்தருக்கும் வேண்டாத என் நோன்பு. படையலைக் கும்பிட்டேன். பூவையும் குங்குமத்தையும் இரண்டு கயிறுகளையும் நான்கு அதிரசத்தையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சாத்தினேன். விளக்கை அம்மனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கலியமூர்த்தி ரயில்வேயில் இருந்தவர். புதிதாகத் தளம் போட்டு வீடு கட்டி, மாடிப்படி கட்டக் காசு போதாமல், மூங்கில் ஏணியைச் சாய்த்து வைத்திருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பாதித் தெரு அங்கே இருந்தது. முன்வரிசையில், கலியமூர்த்தியின் மடிக்கே பக்கத்தில், என் மகளும் மகனும். அவர்களுக்கு நடுவில் என் மாமியார், வாய் திறந்தபடி.

"அத்தே" என்றேன்.

"தோ, தோ. அந்தப் பொண்ண அவன் இட்டுகினு ஓடறான். இன்னா ஆவுதுன்னு பாத்துட்டு வரேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளியே வந்து புடவையைத் தூக்கிச் செருகினேன். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் ஏணி. பாதி ஏறும்போது ஏணி ஆடியது. விழுந்தால் விழட்டும், நோன்பு நாளில் டிவிக்காரர் பெண்டாட்டி ஏணியிலிருந்து விழுந்தாள் என்று ஊர் பேசட்டும் என்றுதான் தோன்றியது.

மாடியில் என் வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஆன்டெனா பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தலைக்கு மேலே பைப் நல்ல உயரம். அதன் உச்சியில் சீப்பு மாதிரி ஆன்டெனா. என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வந்தது.

"வடிவு! நீ எதுக்கு மேல ஏறின?"

"உங்க ஊட்டு நோன்பு ஏறினிச்சி. நானும் ஏறினேன். எறங்கி வாங்க."

"கிளாம்ப் ஒடஞ்சி போச்சி. நட்டு நிக்கல. நான் கைய எடுத்தா காத்துக்குத் திரும்பிக்கும், படம் போயிடும். கீழ நாப்பது பேரு பாத்துகினு கீறாங்க. படம் முடியட்டும், உடனே வந்துடறேன்."

"படம் எட்டு மணிக்கு முடியும். அமாவாச ஆறரைக்கு முடியுது."

"அது இன்னா, ஐயரு சொன்னா கரெக்டா அந்த நிமிசத்துல..."

"இன்னும் ஒரு வார்த்த பேசினீங்க, இங்கேந்து குதிச்சிடுவேன்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "கம்பெனிக்கு ஆறு நாளு. ஊர்க்காரனுக்கு ஏழாவது நாளு. எனக்கு இன்னா வெச்சீங்க? உங்களுக்குச் சோறு போட, துணி தொவைக்க, வாசல்ல வரவனுக்குப் பதில் சொல்ல, அதுக்கா கட்டிகினு வந்தீங்க? ஒரு அர மணி நேரம் கேட்டேன். வருசத்துக்கு ஒரு அர மணி நேரம்!"

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஆனால் பைப்பை விடவில்லை. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் கையை அவர் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததாக நினைவில்லை.

மேற்கே ஏரித் தண்ணீர் சிவந்து கிடந்தது. நேரமில்லை. தட்டைச் சுவரின் மேல் வைத்தேன். கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பைப்பைப் பிடித்திருந்த அவருடைய வலது மணிக்கட்டில், பைப்பையும் சேர்த்துச் சுற்றினேன். சுற்றி இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டேன். தெரியாமல் செய்துவிட்டாய், அவசரத்தில் கவனிக்கவில்லை என்று பிற்பாடு எனக்காகப் பரிந்து பேசினவர்கள் உண்டு. தெரிந்துதான் செய்தேன். கிடக்கட்டும், அந்தப் பைப்போடேயே குடும்பம் நடத்தட்டும் என்றுதான் கட்டினேன்.

"ஏய், இன்னா பண்ற? பைப்பையும் சேத்துக் கட்டிட்டியே!"

"அதத்தானே புடிச்சிகினு கீறீங்க. நல்லா புடிச்சிகினு இருங்க."

"விளையாடாத வடிவு. அவுத்து வுடு."

"கட்டின நோன்புக் கயித்த அவுப்பாங்களா? உங்கம்மாவைக் கேளுங்க."

அதை அவிழ்க்கக் கூடாது, அறுக்கவும் கூடாது. அது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், அந்த வீட்டில் பிறந்தவர். ஸ்க்ரூடிரைவரை நோக்கிப் போன இடது கை பாதியிலேயே நின்றுவிட்டது.

அதன் பிறகுதான் தட்டில் மிச்சமிருந்த இன்னொரு கயிறு என் கண்ணில் பட்டது. என் கயிறு. அவர் கட்டவேண்டிய கயிறு. கட்டவேண்டிய வலது கையை நானே பைப்போடு சேர்த்துக் கட்டிவிட்டேன். இடது கையால் நோன்புக் கயிறு கட்டுகிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. கோபத்தில் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. என் நோன்பை நானே கெடுத்துக்கொண்டேன். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாள் முழுக்கத் தள்ளிப்போட்ட அழுகை மொத்தமாக வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்தியும் அடங்கவில்லை.

அவர் தட்டைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

"ஆறரைக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீது?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்? பொழுது எறங்கிடுச்சி."

கீழே கூடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் "ஐயையோ" என்றார்கள். படத்தில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பைப்பை மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். அது கைப்பிடிச் சுவரில் விட்டிருந்த ஒரு குழிக்குள் சும்மாதான் நின்றிருந்தது. கயிற்றை அறுக்காமல் கையை எடுக்க ஒரு வழி உண்டு. பைப்பைக் குழியிலிருந்து தூக்கவேண்டும், கையை அப்படியே கீழே இறக்கி நுனி வழியாக உருவவேண்டும். தூக்கினால் படம் போகும். கொஞ்ச நேரத்துக்கில்லை, உடைந்த கிளாம்ப்பில் அதை மறுபடி நிறுத்தித் திசை பார்ப்பதற்குள் படமே முடிந்துவிடும். நாற்பது பேர் முன்னால் டிவிக்காரர் மானம் போகும்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படம் முடியட்டும் வடிவு என்பார், எனக்குத் தெரியும். அந்த வார்த்தைக்காகக் காதைத் தயார் பண்ணிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுந்திரு" என்றார். "பைப்ப நீ புடி. ரெண்டு கையாலயும் புடி. தூக்கு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "கீழ ஜனங்க..."

"தூக்குன்னு சொல்றேன்ல."

தூக்கினேன். நாள் முழுக்கச் சாப்பிடாதவளுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியவில்லை. பைப் குழியை விட்டு எழும்பியது. மேலே ஆன்டெனா ஒரு ஆட்டம் ஆடி, பட்டணத்தை விட்டு வானத்தைப் பார்த்தது. அவர் குனிந்து கையைச் சரசரவென்று கீழே இறக்கி வெளியே உருவினார். இரண்டு பேருமாகப் பைப்பைத் தளத்தின் மேல் சாய்த்துப் படுக்கவைத்தோம்.

கீழே எழுந்த கூச்சலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தேர்தலில் தோற்றால்கூட அப்படிக் கத்த மாட்டார்கள்.

"அண்ணாத்தே! ஒண்ணுமே தெரியல!"

"யோவ் லோகு, இன்னாய்யா பண்ற மேல?" இது கலியமூர்த்தி.

எல்லாக் குரலுக்கும் மேலாக ஒரு குரல். "எந்தக் கட்டையில போறவன்டா படத்த புடுங்கினது?" அது என் மாமியார்.

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்த என் கயிற்றை எடுத்தார். சட்டையில் கை துடைத்துக்கொண்டு, என்னை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்து, என் இடது கையைத் தன் முழங்காலின் மேல் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். முதல் முடிச்சு நழுவியது, மறுபடி போட்டார். ஏணி கிறீச்சிட்டது. பக்கத்துத் தெருப் பால்ராஜ் தலையை மேலே நீட்டினான்.

"அண்ணாத்தே, படம் போவுது, சீக்கிரம்! அத முடிச்சிட்டு நம்ம ஊட்டுக்கும் ஒரு நட வந்துட்டுப் போ."

"முடியாது" என்றார் என் வீட்டுக்காரர்.

பால்ராஜுக்குப் புரியவில்லை. எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"முடியாதுடா. எங்க ஊட்ல நோன்பு. நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது முடிச்சைப் போட்டார்.

பால்ராஜின் தலை இறங்கிப்போனது. கீழே எல்லோரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் பட்டினியும் இத்தனை வருஷத்து எரிச்சலும் ஒரு முடிச்சில் தீருமா? வீட்டுக்குப் போனதும் அவரையும் அவர் அம்மாவையும் சேர்த்து என்னென்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள் கோத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கையை மட்டும் நான் இழுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது முடிச்சை அவர் போட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே அவர் முழங்காலின் மேல் வைத்திருந்தேன்.